எதையும் சொல்லாத ஆட்டம்: பரதத்தின் நிருத்தம் பற்றி ஓர் அறிமுகம்

பரதநாட்டியக் கச்சேரிக்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் தொடக்க உருப்படியான அலாரிப்பு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். கண் இருபக்கமும் ஓடியது, கழுத்து அசைந்தது, பிறகு தோள், கை, கால். ஆடியவர் அமர்ந்தார், எழுந்தார், சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. கதை இல்லை, பாட்டு இல்லை. "தாம் தித்தாம் தெய் தத் தெய்" என்ற சொற்கட்டு மட்டும் காதில் விழுந்தது. உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது, நமக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. அலாரிப்பு எதையும் சொல்ல வரவில்லை. தாளத்தோடு உடல் சேர்கிற அழகைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. இப்படிக் கதையும், உணர்ச்சியைக் காட்டும் பாவமும் இல்லாத ஆட்டத்துக்கு நிருத்தம் என்று பெயர். ஆட்டத்தின் இன்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பொருளை முகத்தாலும் கையாலும் நடித்துக் காட்டும் அபிநயத்தில் மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்லக் கதை இருக்கிறது, பாட்டின் வரி இருக்கிறது. நிருத்தத்தில் அந்தத் துணை எதுவும் இல்லை. இருந்தும் அது மகிழ்விக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நூல்கள் ஆட்டத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. கதையை நடித்துக் காட்டுவது நாட்டியம். பாட்டின் பொருளைக் கையாலும் முகத்தாலும் சொல்லி ஆடுவது நிருத்தியம். பாவமும் அபிநயமும் இல்லாதது நிருத்தம். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் நிருத்தத்துக்குத் தரும் இலக்கணம் ஏறக்குறைய இதே சொற்களில்தான் இருக்கிறது: பாவ அபிநயம் அற்றது.

அர்த்தம் எங்கே என்ற கேள்வியும் புதிதல்ல. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தில், கையும் காலும் சேர்ந்த ஆட்ட அசைவுகளான 108 கரணங்களைச் சொல்லும் நான்காம் அத்தியாயத்தில், முனிவர்களே இதைக் கேட்கிறார்கள். பாட்டின் பொருளோடு ஒட்டாத, எதையும் உணர்த்தாத இந்த நிருத்தத்தை எதற்காக உண்டாக்கினார்கள்? பரதரின் பதில் சுருக்கமானது. நிருத்தம் எந்தப் பொருளையும் வேண்டி நிற்பதில்லை. அது அழகைத் தருகிறது, அதற்காகவே வந்தது. இயல்பிலேயே ஏறக்குறைய எல்லா மக்களுக்கும் அது பிடிக்கும். மங்கலமானது என்பதால் கல்யாணம், பிள்ளைப்பேறு, உயர்வு, கொண்டாட்டம் என்று மகிழ்ச்சியான வேளைகளில் ஆடப்படுகிறது. ஒரு பெரிய சாஸ்திர நூல் இந்த இடத்தில் தத்துவ விளக்கம் எதையும் தேடிப் போகாமல், 'மக்களுக்குப் பிடிக்கும்' என்பதையே காரணமாக வைக்கிறது. மேடையில் அலாரிப்புக்கு முன்னால் நீளமான தத்துவ அறிமுகம் வாசிப்பவர்கள் இந்தப் பதிலை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அடவு

நிருத்தத்தின் அலகு அடவு. கால் வைப்பு, உடல் நிலை, கை வீச்சு, கண் போக்கு எல்லாம் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட சொற்கட்டுக்குள் அடங்கும் சிறு அசைவுத் தொகுதி அது. தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டு, தட்டிமெட்டு, தீர்மான அடவு என்று குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் எளியதிலிருந்து சிக்கலானது வரை பல வகை. பந்தணல்லூர், வழுவூர், தஞ்சாவூர், கலாக்ஷேத்ரா என்று பாணி மாறினால் அடவின் பெயரும் எண்ணிக்கையும் சொல்லும் சற்று மாறும். ஒரு பாணியில் கற்றவர் இன்னொரு பாணியின் பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை. கால் என்ன செய்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்த அடவாகவே இருக்கும்.

இந்த அடவுகள் நம் கைக்கு வந்தது தேவதாசி மரபுப் பெண்களாலும் அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களாலும்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் கச்சேரியை அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசைக்கு மார்க்கம் என்று பெயர். இதில் அலாரிப்பும் ஜதிஸ்வரமும் முழுக்க நிருத்தம். தில்லானா, கடைசியில் வரும் சில வரி சாகித்தியம், அதாவது பாட்டு, தவிர நிருத்தம். வர்ணத்தில் நிருத்தமும் அபிநயமும் மாறி மாறி வரும். ஆக, மாலை தொடங்குவதும் முடிவதும் சொல்லற்ற ஆட்டத்தில்.

அரைமண்டி: எல்லாம் இதில்தான் நிற்கிறது

அடவு தொடங்குமுன் உடல் அமர வேண்டிய நிலை அரைமண்டி. பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். குதிகால்களுக்கு நடுவில் மூன்று நான்கு விரல் இடைவெளி. சில பாணிகளில் ஒட்டியே வைப்பார்கள். முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கி, ஒவ்வொரு முழங்காலும் அந்தந்தப் பாதத்தின் விரல்களுக்கு நேர் மேலே நிற்கும். முதுகு நேர். எடை இரண்டு பாதங்களிலும் சமம். முன்னால் இருந்து பார்த்தால் முழங்கால்களும் குதிகால்களும் சேர்ந்து ஒரு சாய்சதுரமாகத் தெரியும்.

தொடக்கத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான். பாதத்தை நன்றாகத் திருப்பி வைத்தால் அரைமண்டி வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். திருப்பம் வர வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. தொடை எலும்பு இடுப்பில் சுழன்றால்தான் முழங்காலும் பாதமும் ஒரே திசையில் போகும். இடுப்பு திரும்பாமல் பாதம் மட்டும் திரும்பினால் பாதம் வெளியே, முழங்கால் உள்ளே என்று கால் முறுகும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலின் மேல் விழும். சில மாதங்களில் முழங்காலின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. அரைமண்டியில் அமர்ந்து, தலையைக் குனியாமல் கண்ணாடியில் முழங்காலைப் பாருங்கள். அது கட்டைவிரலுக்கு உள்ளே சரிந்து தெரிந்தால் பாதத்தின் திருப்பத்தைக் குறையுங்கள். முழங்காலும் விரலும் நேராகும் இடம் எதுவோ, இன்றைக்கு உங்கள் அளவு அதுதான். பக்கத்தில் நிற்கும் பிள்ளை இன்னும் விரித்து நிற்கிறாளே என்று பார்க்கக் கூடாது. இடுப்பெலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு.

அடுத்த தவறு, பின்புறம் வெளியே தள்ளி இடுப்பு வளைவது. ஆழமாக அமர ஆசைப்பட்டு உடல் முன்னால் சாயும், அதைச் சமன்படுத்தப் பின்புறம் பின்னால் போகும். வகுப்பு முடிந்ததும் கீழ்முதுகு பிடித்துக்கொள்வதாகச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இது. சுவரில் முதுகையும் தலையையும் சாய்த்து நின்று, குதிகால்களைச் சுவரை ஒட்டி வைத்து மெதுவாக இறங்கிப் பழகினால் நேரான முதுகு எப்படி இருக்கும் என்று உடலே கற்றுக்கொள்ளும். ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒரு நிமிடம் நிற்க முடிந்தால் நல்ல தொடக்கம். தொடை நடுங்கும், அது இயல்பு. முழங்கால் குத்தினால் நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அரைமண்டி? கீழே இறங்கியிருக்கும் உடலுக்கு நிலை அதிகம், வேகத்திலும் தள்ளாடாது. அதைவிட முக்கியமானது, கால் தட்டும்போது மேலுடல் ஆடாமல் நிற்கும். கீழே கால்கள் தாளத்தில் பாய்ந்துகொண்டிருக்க, மேலே தலையும் தோளும் ஒரே மட்டத்தில் அமைதியாக இருப்பதுதான் பரத நிருத்தத்தின் தனி அழகு. அங்கசுத்தம் என்று ரசிகர்கள் பாராட்டுவதில் பெரும்பங்கு இது.

தட்டடவும் மூன்று காலமும்

கற்கும் முதல் அடவு தட்டடவு. கைகள் இடுப்பில். ஒரு காலை முழங்காலிலிருந்து மடக்கிப் பின்னால் தூக்கி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி தட்ட வேண்டும். பிறகு மறுகால். முதல் வகையில் வலது ஒன்று, இடது ஒன்று. இரண்டாவதில் இரண்டிரண்டு. அப்படியே வளரும். வாயில் "தையா தை" என்ற சொல்.

தட்டும் ஓசையைக் கேட்டாலே பாதம் எப்படி விழுகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பாதம் சமமாக விழுந்தால் அகலமான, தெளிவான ஒரே ஓசை வரும். குதிகால் முன்னால் விழுந்தால் 'டொக்' என்று கனமாகக் கேட்கும், அதிர்ச்சி நேராகக் கெண்டைக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும். விரல் முன்னால் விழுந்தால் 'தப்-தப்' என்று ஓசை இரண்டாக உடையும். பலத்தைக் கூட்டினால் ஓசை நன்றாக வரும் என்று எண்ணி ஓங்கி அடிப்பது வீண். பாதம் சமமாகப் பட்டால் மிதமான தட்டே மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்.

இனி காலங்கள், அதாவது கால் ஆடும் வேக நிலைகள். எடுத்துக்கொண்ட தாளம் ஆதிதாளம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, எட்டுக்கு எட்டு. இரண்டாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு, எட்டுக்குப் பதினாறு. மூன்றாம் காலத்தில் நான்கு, எட்டுக்கு முப்பத்திரண்டு. இந்த மூன்றிலும் தாளம் துளியும் வேகமெடுக்காது. கை அதே இடைவெளியில்தான் விழும், கால் மட்டும் இரட்டித்துக்கொண்டே போகும். கைத்தாளமே வேகமாகிவிட்டால் அது காலம் மாறியதாகாது, காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் சீரான வேகம், ஓடிவிட்டது என்றுதான் அர்த்தம்.

வீட்டில் பழகும்போது கைபேசியில் மெட்ரோனோம் செயலி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 40 முதல் 45 அடி போதும். மெதுவாகத் தோன்றும். ஆனால் 40இல் வைத்தாலே மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 160 தட்டு வருகிறது. தொடக்கக்காரருக்கு அதுவே அதிகம்.

எந்தக் காலம் கடினம்? மூன்றாவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வேகத்தில் கால் பின்னிக்கொள்வது உண்மை. ஆனால் முதல் காலத்தில்தான் குறை வெளியே தெரியும். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட நேரம் உடல் ஒன்றும் செய்யாமல் நிலையில் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பு தாங்காமல் கால் முந்திக்கொண்டு விழும். அவசரப்படாமல் அந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்தவருக்கு மூன்றாம் காலம் தானாக வரும். கைதட்டலுக்காக மூன்றாம் காலத்தையே ஓட்டிப் பழக்கும் வகுப்புகளில் பிள்ளைகள் வேகமாக ஆடுகிறார்கள், தெளிவாக ஆடுவதில்லை. ஒவ்வொரு நாளும் பயிற்சி நேரத்தில் பாதியை முதல் காலத்துக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்.

மூன்றாம் காலத்தில் வரும் தவறுகளுக்கு ஒரே வேர். வேகம் வந்ததும் உடல் தன்னையறியாமல் அரைமண்டியிலிருந்து எழுந்துவிடும். எழுந்த உடல் குதிக்கும், குதிக்கும் உடலில் தோள் ஏறி இறங்கும், மூச்சு அடைக்கும், ஆவர்த்தனத்தின், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றின், பின்பாதி தாளத்தை விட்டு ஓடும். காலைத் தூக்கும் உயரத்தைக் குறைக்கலாம், அது தவறல்ல. அமர்ந்திருக்கும் உயரத்தைக் கூட்டக் கூடாது. கண்ணாடியில் தலையின் உச்சிக்கு நேராக ஒரு பொட்டை ஒட்டி வைத்து, மூன்று காலமும் அந்தப் பொட்டு மறையாமலும் விலகாமலும் ஆடிப் பாருங்கள். வேறு சோதனை வேண்டாம்.

தட்டடவுக்குப் பிறகு நாட்டடவு. "தெய்யும் தத்தத் தெய்யும் தா" என்ற சொல்லுக்கு ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை ஊன்றி, மீண்டும் இழுத்துத் தட்டுவது. இதில் மறுகால் அரைமண்டியை விடக் கூடாது. குதித்துமெட்டில் "தை ஹத் தை ஹி" என்று முன்பாதத்தில் குதித்து, குதிகாலை இறக்கித் தட்டுவது. கெண்டைக்கால் பலமில்லாமல் இதை வேகமாக ஆடினால் கணுக்கால் பிசகும், ஆகவே இதற்கு முன் ஒரு வாரமாவது விரலில் எழுந்து இறங்கும் பயிற்சி தேவை. மற்ற அடவுகள் இந்தக் கால்வைப்புகளின் மேல் கையும் திசையும் சுழற்சியும் சேர்ந்து வளர்பவை.

இன்பம் பிறக்கும் இடம்: சமம்

அடவு தெரிந்தால் எழுத்து தெரிந்த மாதிரி. எழுத்துகள் கோர்வையாகும்போதுதான் நிருத்தம் சுவைக்கத் தொடங்குகிறது. அந்தச் சுவையின் மையம் தாளத்தின் முதல் அடி, அதாவது சமம்.

ஆடத் தெரியாதவரும் இதை உட்கார்ந்த இடத்தில் உணரலாம். தொடையில் ஆதிதாளம் போடுங்கள். ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, "தகதிமி" என்று சொல்லுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு 32 மாத்திரை. இரண்டு ஆவர்த்தனம் இப்படியே சொல்லி, கையும் வாயும் பழகட்டும்.

இப்போது "தத்திங்கிணதொம்" என்ற சொல். தத்-திங்-கி-ண-தொம் என்று ஐந்து மாத்திரை. இதை இருமுறை சொன்னால் பத்து. பத்தை மும்முறை சொன்னால் முப்பது. தாளத்தில் இருப்பதோ 32. மிச்சம் இரண்டு மாத்திரை. முதல் பத்துக்குப் பின் ஒரு மாத்திரை மௌனம், இரண்டாவது பத்துக்குப் பின் ஒரு மாத்திரை மௌனம். இந்த மௌனத்துக்குக் கார்வை என்று பெயர். 10+1+10+1+10, மொத்தம் 32. மூன்றாவது தொகுதியின் கடைசித் 'தொம்' முடிந்த அடுத்த கணம் சமம். அங்கே ஒரு "தா" சொல்லிக் கையைத் தட்டுங்கள்.

சொல்லிப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் தொகுதி சமத்தில் சுகமாகத் தொடங்கும். இரண்டாவது, நான்காம் எண்ணிக்கைக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே, கை விழுவதற்குள் தொடங்கிவிடும். மூன்றாவது, ஆறாம் எண்ணிக்கையின் நட்டநடுவில். கை ஒரு வழி, வாய் ஒரு வழி என்று போகும். தாளத்தை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வரும். கையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும். சந்திக்கும்போது உள்ளே ஒரு துள்ளல் இருக்கிறதே, நிருத்தத்தின் இன்பம் அதுதான்.

மும்முறை சொல்வது இதற்காகத்தான். முதல் முறை கேட்கும்போது அது புதிய சொல். இரண்டாம் முறை, அதே சொல் தாளத்தின் வேறொரு இடத்தில் நிற்கிறது என்று காது கண்டுகொள்கிறது. மூன்றாம் முறை, எங்கே முடியப் போகிறது என்று மனம் முன்னால் ஓடிக் காத்திருக்கிறது. காத்திருந்த இடத்தில் கால் சரியாக விழுந்தால் மண்டபமே தலையாட்டும். அதில் யாருக்கும் எந்தக் கதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொற்கட்டுகளைக் கோர்த்த தொகுதிக்கு ஜதி என்று பெயர், அதன் முடிவில் இப்படி வரும் பகுதிக்குத் தீர்மானம் என்று பெயர். வர்ணத்தின் தொடக்கத்தில் திரிகால ஜதி வந்தால் கவனியுங்கள். மூன்று காலமும் ஒரே ஜதிக்குள் புகுந்து வெளியேறும், தாளம் மட்டும் அசையாமல் இருக்கும்.

சொற்கட்டை எண்ணத் தெரிந்துகொள்ள ஐந்து ஜாதிகள், அதாவது எண்ணிக்கை வகைகள், போதும். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி, ஒன்பதுக்குத் தகதிமிதகதகிட. இந்த ஐந்தையும் ஒரே வேகத்தில் சொல்லப் பழகியவர் எந்த ஜதியையும் பிரித்துப் பார்க்கலாம். நட்டுவாங்கம் செய்பவர், அதாவது சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துபவர், கையில் தட்டும் ஜால்ரா இந்தக் கணக்கின் ஒவ்வொரு மடிப்பையும் உரக்கச் சொல்லும். மிருதங்கம் இழைத்து இழைத்து வாசிக்கும். அதில் மயங்கிக் காலை அதன் பின்னால் விடும் புதியவர்கள் பாதியில் தடுமாறுவார்கள். காது நட்டுவாங்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தாளத்தோடு உடல் சேரும்போது ஏன் மகிழ்கிறது? ஆராய்ச்சியாளர்கள் இதைக் குழு ஆட்டத்தில் சோதித்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக ஆடவைத்து, முன்னும் பின்னும் வலி தாங்கும் அளவைப் பார்த்தார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடிய குழுக்களிலும், உடல் முழுவதும் உழைக்க ஆடிய குழுக்களிலும் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியிருந்தது. எண்டார்பின் சுரப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நம் ஊர்க் கும்மியில் வட்டமாக நின்று ஒரே நேரத்தில் கைகொட்டும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைகொட்டுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் கேட்பதும் இல்லை.

அதே கை, இரண்டு வேலை

அப்படியானால் கை முத்திரைகள்? அவற்றுக்கு அர்த்தம் உண்டே? இந்தக் குழப்பம் நியாயமானது. அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரை 28 சொல்கிறது. முதலாவது பதாகம்: விரல்கள் ஒட்டி நீண்டு, கட்டைவிரல் மட்டும் மடங்கியது. அதே நூல் பதாகத்துக்கு மேகம், காடு, ஆறு, இரவு, காற்று, மறுத்தல் என்று பல பயன்களைப் பட்டியலிடுகிறது. ஒரு பதத்தில் நாயகி பதாகக் கையை மேலே அலைய விட்டால் மேகம், தாழ்த்தி நெளிய விட்டால் ஆறு.

அதே பதாகம் நாட்டடவில் வரும்போது மேகமும் இல்லை, ஆறும் இல்லை. தோளிலிருந்து புறப்படும் நேர்கோடு விரல் நுனி வரை உடையாமல் போவதற்கு ஒரு முடிப்பு, அவ்வளவுதான். அலபத்மம் அபிநயத்தில் மலர்ந்த தாமரை. அடவில் அது கை வீச்சு முடியும் இடத்தில் விரியும் வடிவம். கடகாமுகம் அபிநயத்தில் பூப்பறிக்கும், அடவில் மார்புக்கு முன்னால் கை தொடங்கும் இடம். ஆகவே நிருத்தம் பார்க்கும்போது ஒவ்வொரு கைக்கும் பொருள் தேடினால் களைப்புதான் மிஞ்சும், கோடும் வீச்சும் கண்ணில் படாமல் போகும்.

வர்ணத்தில் இந்த இரண்டும் எதிரெதிரே நிற்பதால்தான் அது மார்க்கத்தின் நடுநாயகம். ஒரு வரிக்கு அபிநயம் வளர்ந்து, நாயகியின் ஏக்கம் முற்றும் இடத்தில் திடீரென ஜதி விழும். முகத்தில் இருந்த ஏக்கம் விலகி, உடல் சுத்தமான தாளமாகும். ஜதி முடிந்து வரிக்குத் திரும்பும்போது அந்த ஏக்கம் முன்பைவிடக் கூர்மையாக விழும். அர்த்தமில்லாத ஆட்டம் இடையில் வந்ததால்தான் அர்த்தத்துக்கு அந்தக் கூர்மை.

கண்ணுக்கும் அடவில் வேலை உண்டு. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது நூல் விதி. தொடக்கக்காரர் கண் தரைக்குப் போகும், அல்லது கண்ணாடியில் தன்னையே பார்த்து நிற்கும். கண் விலகினால் கை உயிரில்லாமல் தொங்கும். நாட்டியாரம்ப நிலையில் கைகளைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டும்போது முழங்கை தளர்ந்து விழுவதும் பழக்கமான குறை. சிறிது நேரம் கையை அப்படியே வைத்திருந்து பாருங்கள். தோள் வலித்தால் தோளைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள், தோளை இறக்கிவிட்டு முழங்கையை மட்டும் ஏந்துங்கள்.

தொடங்க நினைப்பவருக்கு

தரை முதல் விஷயம். கிரானைட், மார்பிள், வெறும் சிமெண்ட் மேல் தினமும் தட்டினால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலி வரும். மரத்தளம் கிடைத்தால் சிறப்பு. இல்லையென்றால் தட்டும் எண்ணிக்கையைக் குறைத்து, பாதி நேரம் கால் தட்டாமல் வாயால் சொல்லிக் கையால் அடவு பழகலாம். தடித்த மெத்தை விரிப்பு உதவாது, பாதம் அமுங்கிக் கணுக்கால் பிசகும்.

சலங்கையை முதல் நாளே கேட்கும் பிள்ளைகள் உண்டு. சலங்கை காலின் ஒவ்வொரு பிசகையும் உரக்கச் சொல்லும். காலைத் தூக்கும்போதே தேவையில்லாமல் ஒலித்தால் கால் நடுங்குகிறது என்று பொருள். அடவுகள் மூன்று காலத்திலும் தெளிவான பிறகு ஆசிரியர் பூஜை செய்து கட்டுவது அதனால்தான்.

நாளுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட நல்லது. தொடைத் தசை அரைமண்டியைக் கற்பது திரும்பத் திரும்ப அமர்வதால்தான். முதல் ஐந்து நிமிடம் இடுப்பையும் கணுக்காலையும் சுழற்றித் தளர்த்துதல், அடுத்த பத்து நிமிடம் ஓர் அடவு முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும், மிச்சம் உட்கார்ந்து தாளம் போட்டுச் சொற்கட்டு சொல்வது. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறவர்கள்தான் பின்னால் ஜதியில் திணறுகிறார்கள். வாயில் நிற்காத சொல் காலில் நிற்காது.

பெரியவர்களும் தொடங்கலாம். நாற்பது வயதில் இடுப்பு பத்து வயதுப் பிள்ளைக்குப் போலத் திரும்பாது, அரைமண்டி ஆழம் குறைவாக இருக்கும். ஆனால் தாளக் கணக்கு அவர்களுக்கு விரைவில் பிடிபடும், சமத்தில் விழும் துள்ளல் எந்த வயதிலும் ஒன்றுதான். குதித்துமெட்டையும், முழுவதும் கீழே அமரும் முழுமண்டியையும் தள்ளிப்போட்டு, தட்டடவு, நாட்டடவு, தட்டிமெட்டு மூன்றோடு ஒரு வருடம் இருந்தாலும் நிறைவான பயிற்சி கிடைக்கும்.

அரங்கேற்றத்துக்கு எத்தனை வருடம் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு பழைய அளவு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மேடையேறுகிறாள். மூன்று வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகும் பிள்ளைகள் உருப்படிகளை மனப்பாடமாக ஆடுவார்கள். ஜதி நடுவில் நட்டுவாங்கம் ஒரு நொடி நின்றால் அவர்கள் காலும் நின்றுவிடும். தாளம் உள்ளே இருப்பவருக்கு அப்படி ஆவதில்லை, தொடையில் ஓடும் எண்ணிக்கை அவரைச் சமத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அடுத்த கச்சேரிக்குப் போகும்போது முன்வரிசையைவிடச் சற்றுத் தள்ளி, கால் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். அலாரிப்பு பெரும்பாலும் திஸ்ரத்தில் இருக்கும், மூன்று மூன்றாக எண்ணலாம். ஜதிஸ்வரத்தில் ஒவ்வொரு கோர்வை முடியும்போதும் சமம் எங்கே என்று தொடையில் தேடுங்கள். முதல் சில முறை தவறும். தில்லானா வருவதற்குள் ஒன்றிரண்டு இடத்திலாவது உங்கள் கையும் ஆடுபவர் காலும் சேர்ந்து விழும்.